பட்டாணி அளவு ஜெல், பன்னிரண்டு வாரக் காத்திருப்பு

முகப்பருவுக்காகத் தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் பூச்சு மருந்துகளில், வைட்டமின் ஏ-யிலிருந்து வழிவந்தவையோ அதைப் போலச் செயல்படுபவையோ ஆன ரெட்டினாய்டுகள், பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு, இவற்றோடு சேர்த்துத் தரப்படும் கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் ஆகியவையே இன்று முன்வரிசையில் நிற்கின்றன. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இவற்றையே வலுவாகப் பரிந்துரைக்கின்றன. பயன் உண்டா என்பதில் மருத்துவ உலகுக்கு ஐயமில்லாத இம்மருந்துகளைப் பற்றிப் பூசிப் பார்த்தவர்களிடம் கேட்டால் மட்டும் விடை இரண்டாகப் பிளந்து வருகிறது. முகமே மாறிவிட்டது என்போர் ஒருபுறமும், எரிந்து, தோல் உரிந்து, இருந்த பரு இரட்டிப்பானதுதான் மிச்சம் என்போர் மறுபுறமும் நிற்க, இரு சாராரும் பூசியது பல வேளைகளில் ஒரே ஜெல்லாகவும் ஒரே வீரியமாகவும் இருப்பதே இதில் கவனிக்கத்தக்கது. இந்த வேறுபாட்டுக்கு அவரவர் தோலின் இயல்பு ஓரளவு காரணம். பெரும்பங்கு, ஜெல்லை எவ்வளவு, எப்படி, எத்தனை நாள் பூசினர் என்பதிலும், மருந்துச் சீட்டோடு சேர்த்து அவர்களுக்கு என்ன சொல்லி அனுப்பப்பட்டது என்பதிலுமே அடங்கியிருக்கிறது.

துளைக்குள் நடப்பது

முகத்தில் நாம் நுண்துளை என்று காண்பது ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு மயிர்க்காலின் வாய். அதன் பக்கத்தில், சீபம் எனப்படும் எண்ணெய்ப்பசையைச் சுரக்கும் சுரப்பி ஒன்று ஒட்டியிருக்கிறது. பூப்புப் பருவத்தில் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் பெருகும்போது இச்சுரப்பி பருத்து மிகுதியாகச் சுரக்கிறது. அதே வேளையில், துளையின் உட்சுவரிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து வெளியேற வேண்டிய செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயோடு குழைந்து, துளைக்குள்ளேயே அடைப்பாகத் தங்கிவிடுகின்றன. கண்ணாடியில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாத இந்தத் தொடக்க நிலையை நுண்ணடைப்பு எனலாம். அது வளரும்போது துளையின் வாய் மூடியிருந்தால் வெண்புள்ளியாகவும், திறந்திருந்தால் கரும்புள்ளியாகவும் வெளிப்படுகிறது. கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று, தோலின் சொந்த நிறமியும் காற்றுப்பட்டு மாறிய பொருள்களும் சேர்ந்த நிறமே ஆதலால், ஒரு நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போவதில்லை.

எண்ணெய் நிறைந்த, காற்றுக் குறைந்த இந்த அடைப்பறை, எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியாவுக்கு மிக உகந்த இடமாக அமைகிறது. முன்பு ப்ரொப்பியோனிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று வழங்கிவந்த இதற்கு 2016-இல்தான் இப்புதிய பெயர் முன்மொழியப்பட்டது. அடைப்புக்குள் அது பெருகுவதையும், துளைச் சுவர் கசிவதையும் கண்டு உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழும்போதுதான் சிவந்த பருவும், சீழ் வைத்த பருவும், ஆழத்தில் வலிக்கும் கட்டியும் தோன்றுகின்றன. ஆகவே இன்று காலையில் மூக்கு நுனியில் சிவந்து நிற்கும் பரு நேற்று இரவு சாப்பிட்ட பஜ்ஜியால் வந்ததன்று. அதன் வித்து பல வாரங்களுக்கு முன்பே உள்ளே ஊன்றப்பட்டுவிட்டது.

இந்தக் கால இடைவெளியை மனத்தில் வாங்கிக்கொள்ளாதவர்க்கு இனிச் சொல்லப்படும் எதுவும் விளங்காது என்றே கூறலாம். ரெட்டினாய்டு ஜெல் இன்றைய பருவை ஆற்றுவதற்காக எழுதப்படுவதன்று, இரண்டு மாதம் கழித்து வரவிருக்கும் பருவை வராமல் தடுப்பதற்காக எழுதப்படுவது. தெரியும் பருவின் தலையில் மட்டும் ஒரு பொட்டு ஜெல் வைப்பது, வயலில் தலைகாட்டிய களையைக் கிள்ளிவிட்டு மண்ணுக்குள் கிடக்கும் விதைகளை அப்படியே விட்டுவிடுவதற்கு ஒப்பானது.

சிறைக்கூடத்தில் தொடங்கிய மருந்து

செத்த செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக உதிரும்படி துளையின் உட்சுவரைப் பழக்குவது ரெட்டினாய்டின் வேலை. செல்லின் உட்கருவில் ரெட்டினாயிக் அமில ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. மருந்து அவற்றோடு இணைந்து, எந்த மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதையே மாற்றியமைக்கிறது. மேற்பூச்சு என்ற சொல் உணர்த்துவதைவிட இது மிக ஆழமான வேலை. அதற்கான கால அவகாசமும் அப்படித்தான்.

இவ்வகையில் முதலில் புகழ்பெற்றது ட்ரெட்டினாயின். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய உடனாய்வாளர்களும் அதன் பயனை 1969-இல் ஆய்விதழ் வாயிலாக அறிவித்தனர்; 1971-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை முகப்பருவுக்கு அனுமதித்தது. இன்று குளியலறை அலமாரிகளில் அமைதியாகக் கிடக்கும் இந்த மருந்தின் பிறப்பு அவ்வளவு தூய்மையானதன்று. பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறையில், பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகளின் தோலில் கிளிக்மன் 1951 முதல் 1974 வரை நடத்திய பலவகைச் சோதனைகளில் ட்ரெட்டினாயினும் ஒன்றாக இருந்தது. சில டாலர் கூலிக்காக, தம் மேல் என்ன பூசப்படுகிறது என்பதை முழுதும் அறியாமலே அவர்கள் முதுகைக் காட்டினர். ஆலன் ஹார்ன்ப்ளம் 1998-இல் எழுதிய நூல் இதனை விரிவாக வெளிக்கொணர்ந்தது; நகர நிர்வாகம் முறைப்படி மன்னிப்புக் கோரியதோ 2022 அக்டோபரில்தான்.

ட்ரெட்டினாயினுக்கு இரண்டு குறைகள் உண்டு: வெளிச்சம் பட்டால் சிதையும், பழைய வகைத் தயாரிப்புகளில் பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் சிதையும். அதனால்தான் அது இரவு மருந்தாயிற்று. இவ்விரு குறையும் இல்லாததாகப் பின்னர் பிரான்சில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது அடாப்பலீன்; 1996-இல் அமெரிக்காவில் 0.1 விழுக்காட்டு ஜெல்லாக அனுமதி பெற்ற இது, ஏற்பிகளில் குறிப்பிட்ட சிலவற்றையே நாடிச் சென்று இணைவதால் எரிச்சல் குறைவானது. அதன் மூலக்கூறில் அடமாண்டேன் எனப்படும் கூண்டு வடிவக் கார்பன் அமைப்பு ஒன்று பொருந்தியிருக்கிறது. வைரப் படிகத்தில் கார்பன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே அதில் சிறிய அளவில் அமைந்திருப்பதால், வைரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். 15 கிராம் குழாய்க்குள் வைரத்தின் சாயல் ஒளிந்திருப்பது வேதியியலின் குறும்பு. 2008-இல் அடாப்பலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே ஜெல்லில் இணைக்கப்பட்டன. 2023-இல் அவற்றோடு கிளிண்டாமைசினையும் சேர்த்த மும்மருந்து ஜெல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 0.1 விழுக்காட்டு அடாப்பலீன் ஜெல் 2016 முதல் அமெரிக்காவில் சீட்டின்றியே விற்கப்படுகிறது. இந்தியாவில் இது இன்னமும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தாகவே அறியப்படுகிறது.

முதல் ஆறு வாரம்

பூசத் தொடங்கியவர்களின் முதல் அனுபவம் பெரும்பாலும் எதுவும் நிகழாமையே. ஜெல் சில்லென்று பட்டு, சில நிமிடங்களில் காய்ந்து, சுவடின்றி மறைகிறது. காலையில் முகம் நேற்றுப் போலவே இருக்கிறது. மூன்றாம் நான்காம் நாளில்தான் முதல் அறிகுறிகள் வருகின்றன. முகம் கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடித்தாற்போல் இறுகுகிறது. வழக்கமான சோப்பு திடீரென எரிகிறது. காரக் குழம்பு உண்ணும்போது உதட்டோரம் சுரீரென்கிறது. மூக்கின் இரு மடிப்புகளிலும் மாவு தூவியது போலத் தோல் பொடிப்பொடியாக உரிகிறது. அதன் மேல் பவுடர் போட்டால் ஒரே சீராகப் படியாமல் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. சவரம் செய்துகொள்ளும் ஆண்களுக்கு, பிளேடு படும் தாடைப் பகுதியில் இந்த எரிச்சல் இன்னும் கூர்மையாகிறது.

இந்த எரிச்சல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வருவதில்லை என்பதை உற்றுப் பார்த்தாலே பாதித் தீர்வு கிடைத்துவிடும். உதட்டோரம், மூக்கு மடிப்பு, கண்ணின் வெளிமூலை ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. பூசிய ஜெல் வழிந்து தேங்குவதும் அங்கேதான். ஆதலால் அவ்விடங்களை விட்டுப் பூசுவது, பூசும் முன் அங்கு மட்டும் சிறிது வாசலின் தடவிக்கொள்வது, கழுவிய முகம் முற்றிலும் உலர்ந்த பின்னரே ஜெல்லைத் தொடுவது ஆகிய மூன்று பழக்கங்களும் எந்தப் புதிய மருந்தையும்விடப் பெரிய நிம்மதியைத் தருகின்றன.

அடுத்தது அளவு. முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும் என்பது தோல் மருத்துவர்கள் உலகெங்கும் கூறும் கணக்கு. நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து இடத்தில் அதைப் புள்ளி வைத்து, பின்னர் விரலால் பரப்ப வேண்டும். ஒரு பட்டாணி ஏறத்தாழக் கால் கிராம் என்று கொண்டால், 15 கிராம் குழாய் அறுபது இரவுகளுக்கு வரும். அதே குழாயை இரண்டு வாரத்தில் பிதுக்கித் தீர்த்தவர் நான்கு மடங்கு பூசியிருக்கிறார் என்பது எளிய வகுத்தல் கணக்கே. நான்கு மடங்கு பூசினால் நான்கு மடங்கு விரைவில் குணமாகாது. எரிச்சல் மட்டுமே பெருகும். மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் தோலில் எரிச்சல் எங்கெல்லாம் ஏற்படுகிறதோ அங்கெல்லாம் நிறமி கூடிக் கறுத்துப்போவது இயல்பு. பருவின் கரும்வடுவை நீக்க வந்த ஜெல்லே, அளவு மீறினால், புதிய கருமையை விட்டுச் செல்கிறது. இந்த ஒரு செய்தியை மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும். பல வேளைகளில் அது எழுதப்படுவதில்லை, கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் சொல்லப்படுவதும் இல்லை.

இரண்டாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலமே பலர் ஜெல்லைத் தூக்கி எறியும் காலம். இக்காலத்தில் சிலருக்குப் பரு கூடுகிறது. ஏற்கெனவே உள்ளே வளர்ந்துகொண்டிருந்த நுண்ணடைப்புகள், செல்கள் உதிரும் வேகம் மாறியதால் சற்று முன்கூட்டியே மேலே வருவதே இதற்குக் காரணம் என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். எல்லோருக்கும் இது நேர்வதில்லை, நேர்ந்தவர்க்கும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. ஆனால் கண்ணாடி முன் நிற்பவருக்கு இந்த விளக்கம் ஆறுதல் தருவதில்லை. அவர் காண்பது, மருந்து போடாதபோது நான்காக இருந்தவை மருந்து போட்டபின் ஏழாக ஆனதை மட்டுமே. திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் முதன்முறையாகத் தோல் மருத்துவரை நாடி வருவோர் நம் ஊரில் மிகுதி. ஜெல்லின் நாட்காட்டியும் முகூர்த்த நாட்காட்டியும் இவ்விடத்தில் நேருக்கு நேர் மோதுகின்றன. ஆய்வுகளில் இந்த ஜெல்களின் பயனை அளக்க வைக்கும் வழக்கமான கெடு 12 வாரம் என்பதை முதல் நாளே அறிந்தவர் ஐந்தாம் வாரத்தில் அதைக் குப்பையில் போடமாட்டார்.

தொடர்ந்து பூசி வென்றவர்களின் அனுபவங்களில் பொதுவாகக் காணப்படும் கூறு ஒன்று உண்டு: அவர்கள் மெதுவாகத் தொடங்கினர். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுவது, எரிச்சல் மிகுந்தால் அரை மணியில் கழுவிவிடுவது, ஜெல்லுக்கு முன்போ பின்போ மாய்ஸ்சரைசர் எனப்படும் ஈரப்பதக் களிம்பைத் தடவுவது ஆகியன மருத்துவர்களே கூறும் வழிகள்தாம். இவற்றில் மாய்ஸ்சரைசருக்குத்தான் வீடுகளில் எதிர்ப்பு. "எண்ணெய் வழியுற மூஞ்சிக்கு இன்னும் க்ரீம் எதுக்குடி?" என்று கேட்கும் தாய்க்கு, எண்ணெயும் ஈரப்பதமும் வேறு வேறு என்பதையும், ரெட்டினாய்டு பூசும் தோல் எண்ணெய் வழிந்துகொண்டே ஈரத்தை இழக்கக்கூடும் என்பதையும் எடுத்துச் சொல்வது எளிதன்று. துளைகளை அடைக்காதது என்னும் பொருளில் நான்-காமிடோஜெனிக் என்று அட்டையில் குறிக்கப்பட்ட, மணமற்ற ஒன்றைத் தேர்ந்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

பென்சாயில் பெராக்சைடு கலந்த ஜெல்லைப் பூசுவோரின் புகார் முகத்தில் தொடங்காமல் துணியில் தொடங்குகிறது. நீலத் தலையணை உறையில் கன்னம் படும் இடத்தில் மட்டும் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு திட்டு. ஈரிழைத் துண்டின் சிவப்புக் கரையில் விரல் துடைத்த இடம் வெளிறிய கோடு. கருஞ்சட்டையின் கழுத்துப் பட்டையில் செம்பழுப்பு வளையம். இம்மருந்து தோலில் சிதையும்போது வெளிப்படும் தீவிர ஆக்சிஜன் கூறுகளே பாக்டீரியாவையும் கொல்கின்றன, துணியின் சாயத்தையும் வெளுக்கின்றன. தலையணைக்கு வெள்ளை உறை போட்டுக்கொள்வதே இதற்கு மாற்று. 2.5 விழுக்காட்டு வீரியம் 5, 10 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ இணையான பயனைக் குறைந்த எரிச்சலோடு தருகிறது என்பது 1980-களிலேயே ஆய்வில் தெரியவந்தும், எண் பெரிதாக இருந்தால் மருந்தும் பெரிதென்று எண்ணி 5-ஐக் கேட்டு வாங்குவோர் இன்னும் உள்ளனர்.

பெண்களுக்கென்று தனியே சொல்ல வேண்டியவை இரண்டு. ரெட்டினாய்டு பூசும் தோலில் மெழுகு போட்டு மயிர் நீக்கக் கூடாது என்று அடாப்பலீனின் பயன்பாட்டுக் குறிப்பே எச்சரிக்கிறது. அழகு நிலையங்களில் மேலுதட்டுக்கு நூல் போடும்போதும் தோல் சேர்ந்து உரிந்து வரக்கூடுமாதலால், சில நாள் முன்பே ஜெல்லை நிறுத்துவது நல்லது. கருவுற்றிருப்போரும் கருத்தரிக்க எண்ணுவோரும் ரெட்டினாய்டு ஜெல்லைத் தவிர்க்க வேண்டும் என்பது இரண்டாவது; மருத்துவர் கேட்க மறந்தாலும் அவர்களே சொல்லிவிட வேண்டிய செய்தி இது.

ஆன்டிபயாடிக் ஜெல்லின் கதை சுருக்கமானது. கிளிண்டாமைசினை மட்டும் தனியே பூசியவர்கள் சொல்லும் அனுபவம் தொடக்கத்தில் மிக இனிமையானது: எரிச்சல் இல்லை, உரிதல் இல்லை, சிவப்பு விரைவில் தணிகிறது. சில மாதங்களில் அது வேலை செய்யாமல் போவதும் அதே அளவு பொதுவானது. பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெற்றுவிடுவதே காரணம். பென்சாயில் பெராக்சைடுக்கு அத்தகைய எதிர்ப்பு உருவாவதில்லை என்பதால்தான் இரண்டையும் சேர்த்தே தர வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. எரியாத ஜெல்லே நல்ல ஜெல் என்னும் எண்ணத்தில் பழைய சீட்டைக் காட்டி அதையே ஆண்டுக்கணக்கில் வாங்கிப் பூசுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கடலை மாவோ பயத்தம் மாவோ போட்டு மென்மையாகக் கழுவுவதில் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. ஆனால் ஜெல் பூசும் காலத்தில் சாதிக்காயை இழைத்துத் தடவுவதும், எலுமிச்சைச் சாற்றைத் தேய்ப்பதும் ஏற்கெனவே நொந்திருக்கும் தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வருவது மருத்துவம் நன்கறிந்த ஒன்று. உடம்புச் சூட்டால் பரு வருகிறது என்று பாட்டிமார் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைப்பதால் நெற்றியில் பொடிப்பரு வருவதற்கோ, 1970-லேயே ஆய்விதழில் பெயரிட்டு விவரிக்கப்பட்ட ஆதாரம் உண்டு.

மூன்று நாளில் பளிச்சிடும் முகம்

மெதுவாக வேலை செய்யும் ஜெல்லுக்கு நம் நாட்டில் வாய்த்த உண்மையான போட்டியாளர் வேறொரு நல்ல மருந்தன்று, ஸ்டீராய்டு களிம்பு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் முதலியவை கரப்பான், காளாஞ்சகப்படை போன்ற நோய்களுக்கு உரிய அருமையான மருந்துகள். அழற்சியை அடக்குவதும் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதும் அவற்றின் இயல்பு. அதே இயல்பால், சிவந்த பருவின் மேல் தடவினால் மூன்றே நாளில் சிவப்பு வடிகிறது; நிறமும் வெளுக்கிறது. நான்காம் வாரம் வரை உரிந்துகொண்டிருந்த ஜெல்லையும் மூன்றாம் நாளே பளிச்சிட வைத்த களிம்பையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவர் எதைத் தேர்வார் என்பதில் வியப்பில்லை. "அண்ணே, பரு போய் மூஞ்சி பளிச்சுனு ஆகுற மாதிரி ஒரு ட்யூப் குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்கப்படும் கேள்விக்கு, கையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் இந்தக் களிம்பாகவே இருந்துவந்திருக்கிறது.

பின்விளைவு தெரியச் சில வாரமோ சில மாதமோ ஆகும். தோல் காகிதம் போல் மெலிகிறது; கன்னத்தில் இரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரிகின்றன; வெயிலில் நின்றால் முகம் பற்றி எரிகிறது; மேலுதட்டிலும் கன்னத்திலும் மயிர் வளர்கிறது; எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்காகப் பூசப்பட்டதோ அந்தப் பருவே ஒரே அளவான சிறு சிவப்புப் பொரிகளாக முகம் முழுதும் வெடிக்கிறது. நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் இரட்டிப்பாகத் திரும்புவதால், அதை அடக்க மீண்டும் அதே குழாயை நாட வேண்டியதாகிறது. இந்நிலைக்கு, ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்னும் பொருள்படும் பெயரை இந்தியத் தோல் மருத்துவர்களே சூட்டினர். இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் நோய்களோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அதைச் சொன்னவர் மருத்துவர் அல்லர். பக்கத்து வீட்டு அக்கா, அழகு நிலையம், மருந்துக் கடை, அலுவலகத் தோழி என்று அந்தப் பரிந்துரையாளர் பட்டியல் எப்படி நீளும் என்பது தமிழ் வாசகர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கெனத் தனிப் பணிக்குழுவே அமைத்துப் பல ஆண்டுகள் போராடியபின், 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை அட்டவணை எச்-இன் முழுக் கட்டுப்பாட்டுக்குள், அதாவது பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் வரிசைக்குள், கொண்டுவந்தது. அதுவரை பூச்சு மருந்து என்ற காரணத்தாலேயே அவற்றுக்கு விலக்கு இருந்தது. சட்டம் வந்தது, கடை முகப்பில் நடைமுறை அதே வேகத்தில் மாறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஒரு மருந்தைச் சீட்டின்றி வாங்க முடிவதா முடியாததா என்பதைவிட, சீட்டோடு வாங்கிய நல்ல மருந்தை ஏன் பாதியில் விட்டனர் என்ற கேள்வியே இங்கு முதன்மையானது. ஜெல்லைப் பற்றிய இரண்டு நிமிட விளக்கம் கிடைக்காதவர்தான் களிம்பின் வாடிக்கையாளராகிறார்.

குழாய் தீர்ந்த பிறகு

பன்னிரண்டு வாரம் பொறுத்தவர்கள் காண்பது என்ன? புதிய பருக்கள் வெகுவாகக் குறைகின்றன. தொட்டால் சொரசொரத்த நெற்றி மென்மையாகிறது. பழைய கருந்தழும்புகள் மங்கத் தொடங்குகின்றன, அவை முற்றிலும் மறைய மேலும் பல மாதங்கள் ஆகலாம். குழிவிழுந்த வடுக்களை எந்த ஜெல்லும் நிரப்புவதில்லை; அதற்கான சிகிச்சைகள் வேறு. ஆழத்தில் வலிக்கும் பெரிய கட்டிகளோடும், மாதவிடாய் ஒழுங்கின்மையோடும், குழி வடுக்களோடும் வரும் பருவுக்கு ஜெல் மட்டும் போதாது, மாத்திரையும் பரிசோதனையும் தேவைப்படும். அத்தகையவர் பன்னிரண்டு வாரம் தனியே காத்திருப்பது பொறுமையன்று, தாமதம்.

முகம் தெளிந்ததும் ஜெல்லை நிறுத்திவிடுவது அடுத்த பொதுத் தவறு. நுண்ணடைப்பு உருவாகும் போக்கு வயதோடும் ஹார்மோனோடும் தொடர்புடையதாதலால், நிறுத்திய சில மாதங்களில் அது திரும்புவது வழக்கம்; அதனால்தான் மருத்துவர்கள் ரெட்டினாய்டை மட்டும் நீண்ட காலத்துக்குத் தொடரச் சொல்கின்றனர். பகலில் சன்ஸ்கிரீன் பூசுவதும் இதன் ஒரு பகுதியே. உச்சி வெயிலில் இருசக்கர வண்டியில் செல்வோர்க்கு முகத்தைச் சுற்றிய துப்பட்டாவும் தலைக்கவசக் கண்ணாடியும் துணை செய்யும்.

வைத்திருக்கும் இடமும் முக்கியம். சூடுபட்டால் பென்சாயில் பெராக்சைடு சிதைந்து, புற்றுநோய்க் காரணியான பென்சீன் சிறு அளவில் உருவாகலாம் என்று 2024 மார்ச்சில் அமெரிக்கத் தனியார் ஆய்வகம் ஒன்று எழுப்பிய ஐயத்தைத் தொடர்ந்து, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 95 தயாரிப்புகளைச் சோதித்தது. 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவின்படி அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிக மிகக் குறைவு, சில மட்டும் திரும்பப் பெறப்பட்டன. பயந்து நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கத்திரி வெயிலில் வண்டியின் பெட்டிக்குள்ளோ, தகரக் கூரையடி அலமாரியிலோ குழாயைப் போட்டுவைக்கக் கூடாது. காலாவதித் தேதி கடந்ததைப் பூசவும் கூடாது.

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும், முகப்பருவுக்கென்று வீட்டில் பூசிக்கொண்டிருக்கும் குழாயை ஒருமுறை திருப்பி, பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். அதில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், ஃப்ளூசினோலோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது பருவுக்கான ஜெல் அல்ல. பல மாதமாகப் பூசிவருபவர் அதை ஒரே நாளில் நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். ஆகவே குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ, பதிவுபெற்ற தோல் மருத்துவரிடமோ இந்த வாரமே செல்லுங்கள்.